படிக்கிற வயதில் சண்டை விளையாட்டு: சேரலாமா?

மழைக்காகிதம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், புள்ளியியல். காலையில் வகுப்பு, மதியம் கணினிக்கூடம், இரவு அறைக்கு வந்தால் மறுபடியும் கணினி. நாளில் பத்து மணி நேரம் உட்கார்ந்தே போகிறது. கழுத்து பிடித்துக்கொள்கிறது. படுக்கப் போகும்போது மணி இரண்டு. படுத்த பிறகும் மண்டைக்குள் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் விளையாட்டுக் கூடத்தில் ஜூடோவும் குத்துச்சண்டையும் சொல்லித் தருகிறார்கள். முன்அனுபவம் தேவையில்லையாம். இரண்டு வாரமாக அந்த அறிவிப்பின் முன்னால் நின்று படித்துவிட்டுத் திரும்பி வருகிறேன். இதுவரை யாரையும் அடித்ததில்லை, அடி வாங்கியதும் இல்லை. வீட்டில் சொன்னால் 'படிக்கப் போனாயா, சண்டை போடப் போனாயா' என்று கேட்பார்கள்.

மூன்று கேள்வி. படிப்பு கெடுமா? அடிபட்டால் என்ன ஆகும்? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 'தன்னம்பிக்கை வளரும்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எப்படி வளரும் என்று ஒருவரும் எழுதக் காணோம். பழகுகிறவர்கள் யாராவது அதைச் சொல்லுங்களேன்.

விழுந்தெழுபவள் எழுதியது:

தம்பி, உங்கள் மூன்றாவது கேள்விக்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். இளநிலை இரண்டாம் ஆண்டில் ஜூடோவில் சேர்ந்தேன். இப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன், இன்னும் விடவில்லை. ஏழு வருடம் ஆகிறது.

சேர்ந்த முதல் மாதம் எனக்கு யாரையும் எறியச் சொல்லித் தரவில்லை. விழத்தான் சொல்லித் தந்தார்கள். ஜப்பானியச் சொல்லில் அதை உக்கேமி என்பார்கள். முதலில் குந்திய நிலையிலிருந்து பின்னால் சாய்வது. முகவாய் மார்பை ஒட்டியிருக்க வேண்டும். கண் இடுப்புப் பட்டையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். முதுகு வளைந்து மேட்டை, அதாவது கீழே விரித்த மெத்தைப் பாயை, தொடுகிற அதே நொடியில் இரண்டு கைகளும், உள்ளங்கை முதல் முழங்கை வரை, பளாரென்று மேட்டை அறைய வேண்டும். மூச்சு வெளியே போக வேண்டும். அவ்வளவுதான். கேட்க எளிது. ஆனால் உடம்பு கேட்காது. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் கழுத்து விறைக்கும், கை பின்னால் ஊன்றப் போகும். ஊன்றினால் மணிக்கட்டு போகும். கழுத்து தளர்ந்தால் பின்மண்டை மேட்டில் மோதும். 'பயப்படாதே' என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தக் கை கேட்காது.

ஒரு வகுப்பில் நாற்பது ஐம்பது முறை விழுவோம். குந்தியபடி, பிறகு நின்றபடி, பிறகு நடந்து வந்து ஒரு தோளில் உருண்டு. மூன்றாவது வாரம் ஒருநாள் விழுந்த பிறகுதான் கவனித்தேன்: என் கை தானாகவே மேட்டை அறைந்திருந்தது. கழுத்து விறைக்கவில்லை. யாரும் எனக்குத் தைரியம் சொல்லவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. நூற்றுக்கணக்கான தடவை விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு தானே கணக்கு வைத்திருந்தது. நீங்கள் புள்ளியியல் மாணவர், இது உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். தன்னம்பிக்கை என்று நான் கண்டது இதைத்தான். சொல்லி ஏற்றுகிற சமாச்சாரம் இல்லை. சான்று சேரச் சேர வருவது.

அப்புறம், வீட்டில் கேட்டால் சொல்ல ஒன்று. ஜூடோவை உண்டாக்கிய கானோ ஜிகோரோவே ஒரு பல்கலைக்கழக மாணவர்தான். 1860-இல் பிறந்தவர். உயரமும் குறைவு, உடம்பும் மெலிவு, படிப்பில் கெட்டிக்காரர். வலுத்த பையன்கள் அவரை ஓயாமல் சீண்டினார்கள். 1877-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த காலத்தில்தான் ஜூஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக்கலையைப் பழகத் தொடங்கினார். 1882-இல், 21 வயதில், ஒரு கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்க ஆசிரியராகவும் கல்வியாளராகவும் இருந்த மனிதர். ஜூடோவை அவர் படிப்புக்குப் போட்டியாக நினைக்கவில்லை, கல்வியின் ஒரு பகுதியாகவே வைத்தார்.

அவர் செய்த முக்கியமான காரியம் ஒன்று உண்டு. ஆபத்தான பிடிகளையும் அடிகளையும் தாராளப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்ததனால் மிச்சம் உள்ளதை முழு பலத்தோடு, எதிர்க்கிற ஆளிடம், தினமும் பழக முடிந்தது. இதை ராண்டோரி என்கிறார்கள். எதிரே நிற்பவர் உண்மையாகவே உங்களைத் தள்ள முயல்கிறார், நீங்களும் அப்படியே. தோற்றால் விழுவீர்கள், எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு வணங்கிவிட்டு மறுபடி பிடிப்பீர்கள். ஒரு மாலையில் இருபது தடவை தோற்பதும் உண்டு. பல்கலைக்கழகத்தில் வேறு எங்கே இது கிடைக்கும்? தேர்வில் தவறினால் முடிவு வர மாதமாகிறது, அடுத்த வாய்ப்புக்கு இன்னும் பல மாதம். மேட்டில் மூன்று நொடியில் தெரிந்துவிடும், முப்பதாவது நொடியில் அடுத்த வாய்ப்பு.

ஆய்வுக்குழு முன்னால் முதன்முறை பேசியபோது ஒரு பேராசிரியர் என் முறையியலின் அடிப்படையையே கேள்வி கேட்டார். இதயம் படபடவென்று அடித்தது, காது அடைத்தது. பெரிய ஆள் ஒருவர் என் காலரைப் பிடிக்கும்போது வருகிற அதே நிலைதான். அது எனக்குப் பழகிய நிலை. மூச்சை வெளியே விட்டேன், 'ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்' என்றேன். பதில் பிரமாதமாக வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தது.

இடக்கை எழுதியது:

அக்கா எழுதியதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. முதல் கேள்விக்கு வருகிறேன். நான் குத்துச்சண்டை, மூன்று வருடம், இப்போது இறுதியாண்டு.

முதலாண்டில் நான் எந்த விளையாட்டும் ஆடவில்லை. காலை முதல் இரவு வரை படித்துக்கொண்டே இருப்பதாக ஒரு நினைப்பு. உண்மையில் புத்தகம் திறந்திருக்கும், கைபேசியும் திறந்திருக்கும். இரண்டாமாண்டில் வாரம் மூன்று மாலை பயிற்சி என்று ஆனதும் மதியத்துக்கு ஒரு எல்லை வந்தது. ஆறு மணிக்குக் கூடத்தில் இருக்க வேண்டும். அதற்குள் முடித்தாக வேண்டும். முடிந்தது. இரவு பதினொன்றுக்குக் கண் தானாகச் சொருகும். நீங்கள் இரவு இரண்டு மணிக்குப் படுப்பதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ஒரு விஷயம், ரொம்ப நேரம் கழித்து முடிகிற வகுப்பாக இருந்தால் உடம்பு சூடு தணியாமல் தூக்கம் தள்ளிப்போகும். முன்மாலை வகுப்பாகப் பாருங்கள்.

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூன்று மாலை குத்துச்சண்டைப் பயிற்சியில் அது நிறைந்துவிடும். மூன்று நிமிடம் ஒரு சுற்று, ஒரு நிமிடம் ஓய்வு. அந்த மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்பது குத்திப் பழகத் தொங்கவிட்ட பேக் முன்னால் நின்றால்தான் தெரியும்.

எனக்கு மிகப் பிடித்த நேரம் எது தெரியுமா, கையில் துணி சுற்றுகிற நேரம். நாலரை மீட்டர் துணி. கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகள்மேல் மூன்று சுற்று, ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஒருமுறை, திரும்ப மணிக்கட்டு. இறுக்கினால் விரல் மரத்துப்போகும், தளர்த்தினால் மணிக்கட்டுக்குப் பிடிமானம் இருக்காது. இரண்டு கைக்கும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் கைபேசியைத் தொட முடியாது, வேறு எதையும் யோசிக்கவும் முடியாது. அன்றைய வகுப்பும் மதிப்பெண்ணும் அங்கேயே கழன்றுவிடும்.

ஜன்னலோரம் எழுதியது:

எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள். நான் மறுபக்கம் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

முதலாண்டில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாவது வாரமே மூத்தவர் ஒருவரோடு ஸ்பாரிங், அதாவது எதிரெதிரே நின்று அடித்துப் பழக, விட்டார்கள். அவர் கையை அடக்கவே இல்லை. கோச் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 'இப்படித்தான் கற்றுக்கொள்ள முடியும்' என்றார். இரண்டு வாரம் தலைவலி. திரையைப் பார்த்தால் குமட்டல். ஒரு தேர்வை எழுதவே முடியவில்லை. அந்தப் பருவம் முழுக்க இழுத்தடித்தது.

மூச்சு, தூக்கம், நேர ஒழுங்கு எல்லாம் ஓட்டத்திலும் நீச்சலிலும் கிடைக்கும். மாணவனுக்குத் தலைதான் முதல். அந்தத் தலையில் அடி வாங்குகிற விளையாட்டை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? உண்மையாகவே கேட்கிறேன்.

இறுதியாண்டு மருத்துவம் எழுதியது:

ஜன்னலோரம், உங்களுக்கு நடந்தது தவறு. சேர்ந்து இரண்டு வாரமே ஆன ஒருவரைத் தலையில் அடிபடும் ஸ்பாரிங்கில் விட்டது பயிற்சியே இல்லை. நீங்கள் சொன்ன அறிகுறிகள் கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சியோடு பொருந்துகின்றன. உங்கள் கேள்வியும் நியாயமானது. எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

மூளை அதிர்ச்சி ஏற்பட மயங்கி விழ வேண்டியதில்லை. பெரும்பாலோர் நினைவோடுதான் இருப்பார்கள். தலைவலி, குமட்டல், வெளிச்சம் தாங்காமை, பேசியது மறந்துபோவது, 'மூட்டமாக இருக்கிறது' என்கிற உணர்வு, இவற்றில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. அதே நாளில் திரும்பச் சேரக் கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போனால், மறுபடி மறுபடி வாந்தி வந்தால், பேச்சு குழறினால், எழுப்ப முடியாத தூக்கம் என்றால், வலிப்பு வந்தால், தாமதிக்காமல் மருத்துவமனை. மற்றபடி முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, திரை குறைவாக. மெதுவாக நடக்கலாம், அது நல்லதும்கூட. பிறகு படிப்படியாக முதலில் படிப்புக்குத் திரும்புவது, அது சரியாகப் போனால் இலேசான பயிற்சி. தலையில் அடிபட வாய்ப்புள்ள ஸ்பாரிங் எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு. முதல் அதிர்ச்சி ஆறும் முன்பே இரண்டாவது அடி விழுவது மிக ஆபத்தானது.

தலைக்கவசம் போட்டால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது கீறலையும் வெட்டையும் குறைக்கும். மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குவதை அதனால் தடுத்துவிட முடியாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் குத்துச்சண்டை தலைக்கவசம் இல்லாமலேயே நடந்தது. அது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

அதற்காகக் குத்துச்சண்டையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதன் பயனில் பெரும்பகுதி தலையில் அடிபடாமலேயே கிடைக்கும். பேக், துணைவர் கையில் பிடிக்கும் பேட், ஆளில்லாமல் காற்றில் குத்தும் ஷேடோ, காலடி பழகும் ஃபுட்வொர்க், உடம்பில் மட்டும் மெதுவாகத் தொடுகிற ஸ்பாரிங் என்று வருடக்கணக்கில் பழகலாம். போட்டிக்குப் போகிறவர்கள்தான் அதைத் தாண்ட வேண்டும். அது தனி முடிவு, யோசித்து எடுக்க வேண்டியது. ஜூடோ, மல்யுத்தம், தரையில் பிடித்து மடக்கும் ஜூஜிட்சு இவற்றில் தலையைக் குறிவைத்து அடிப்பதில்லை. ஆனால் தவறி விழுந்தால் தலை மோதலாம். முழங்கால், தோள், விரல் மூட்டு இவற்றில் காயம் வரும். இன்னொன்று யாரும் பேசுவதில்லை: தோல். மேட்டில் உருளும் இடங்களில் படர்தாமரையும் சீழ்க்கொப்புளமும் சுலபமாகப் பரவும். நகம் வெட்டுங்கள், பயிற்சி முடிந்ததும் குளியுங்கள், உடையை ஒவ்வொரு முறையும் துவையுங்கள், தோலில் ஏதாவது இருந்தால் ஆறும்வரை மேட்டில் ஏறாதீர்கள்.

இடக்கை எழுதியது:

நான் எழுதியதில் இதைச் சேர்த்திருக்க வேண்டும். எங்கள் கோச் முதல் ஆறு மாதம் யாரையும் தலை ஸ்பாரிங்கில் விட மாட்டார். அதன் பிறகும் வேகம் மட்டும், பலம் கிடையாது. கிளவுஸ் கண்ணெதிரே வரும்போது கண்ணை மூடாமல் இருக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. எதிரே நின்றவர் அந்த இரண்டு மாதமும் என் நெற்றியை இலேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தார், ஒரு தடவைகூட இடிக்கவில்லை. அவர் பொறுமைதான் என் பயிற்சி. ஜன்னலோரம் அவர்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்பது உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

மல்யுத்தக்காரன் எழுதியது:

தாமதமாக வருகிறேன். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, மாணவர்களுக்கு என்றே. எடை குறைப்பது.

1997-இல், நவம்பர் டிசம்பரில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் ஐந்தே வாரத்துக்குள் இறந்துபோனார்கள். மூவரும் போட்டிக்காக வேகமாக எடை குறைத்துக்கொண்டிருந்தவர்கள். தண்ணீர் குடிக்காமல், சூடான அறையில், வியர்வை வெளியேறாத உடையைப் போட்டுக்கொண்டு உடற்பயிற்சி. அதன் பிறகுதான் அங்கே கல்லூரி விளையாட்டு விதிகளை மாற்றினார்கள்: அப்படிப்பட்ட உடைக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது, எடை பார்ப்பதைப் போட்டி நேரத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்தார்கள்.

கீழ் எடைப்பிரிவில் இறங்கினால் பதக்கம் எளிது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இருக்கிற எடையில் ஆடுங்கள். நானும் ஒருமுறை நாலு கிலோ குறைத்தேன். அந்த வாரம் வகுப்பில் என்ன நடந்தது என்பதே நினைவில்லை, குறிப்பேட்டில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. அதோடு விட்டேன்.

சரி, நல்லதும் சொல்ல வேண்டும். துறை விட்டுத் துறை நட்பு எனக்கு மல்யுத்தத்தில்தான் கிடைத்தது. நான் கட்டுமானப் பொறியியல். என் எடைக்குப் பொருந்திய துணை இலக்கியம் படிக்கிறவர். மேட்டில் துறை கிடையாது, எடை மட்டும்தான். மூன்று வருடம் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். பிடி பலமாக இருக்கிற நாள் எது, மனசு சரியில்லாத நாள் எது என்பது கையிலேயே தெரிந்துவிடும். ஒருநாள் அவர் பிடியில் உயிரே இல்லை. பயிற்சியை நிறுத்தி வெளியே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். வீட்டில் ஒரு இழப்பு, நான்கு நாளாக யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய அறைத்தோழர்களுக்கே தெரியாது.

நான்காம்சுற்று எழுதியது:

பெண்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டு தயங்கினால், உங்களுக்காக. நான் முய் தாயும் (தாய்லாந்துக் குத்துச்சண்டை, காலாலும் உதைப்பது) கொஞ்சம் ஜூஜிட்சுவும் பழகுகிறேன்.

தற்காப்புக்காகச் சேர்ந்தேன். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இதைக் கற்றுக்கொண்டால் எந்த ஆபத்தையும் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலகி ஓடுவதுதான் முதல் வழி, உதவிக்குக் கத்துவது அடுத்தது. ஆனால் உறைந்துபோவது குறைந்திருக்கிறது. ஒருவர் முழு எடையோடு மேலே இருக்கும்போது, மூச்சு முட்டும்போது, முதலில் எதை நகர்த்த வேண்டும் என்று யோசிக்கப் பழகியிருக்கிறேன். இடுப்பை நகர்த்து, முழங்காலை உள்ளே கொண்டு வா, பிறகு கை. வரிசை தெரிந்தால் பதற்றம் பாதியாகிறது.

எனக்குக் கிடைத்த பெரிய பயன் வேறு. மேட்டில் 'டேப்' என்று ஒன்று உண்டு. எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு முறை தட்டினால், அடுத்த நொடி அவர் விட்டாக வேண்டும். எவ்வளவு பெரிய ஆளானாலும், எவ்வளவு பட்டம் வாங்கியவரானாலும். நான் சொல்லும் 'போதும்' அங்கே உடனே கேட்கப்படுகிறது. அதைத் தினமும் அனுபவித்த பிறகு, வெளியே யாராவது என் 'போதும்' என்பதைக் கேட்காதபோது அது எனக்குச் சாதாரணமாகத் தோன்றுவதில்லை. முன்பெல்லாம் தோன்றியது.

மகளிர் ஜூடோ 1992-இலும், மகளிர் மல்யுத்தம் 2004-இலும், மகளிர் குத்துச்சண்டை 2012-இலும்தான் ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக வந்தன. எங்களுக்கு முன்னே வந்தவர்கள் எவ்வளவு காலம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால், திறந்திருக்கிற கதவின் முன்னால் நான் தயங்கிய மாதங்கள் வீணாகவே தெரிகின்றன. யாரோடு பழகப் பிடிக்கவில்லையோ அவரோடு 'வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதை ஏற்காத கூடம் என்றால் அன்றே வெளியே வந்துவிடுங்கள்.

ஜன்னலோரம் எழுதியது:

மருத்துவ நண்பருக்கு நன்றி. யாரும் இப்படி எனக்கு அப்போது சொல்லவில்லை. இடக்கை, உங்களுக்கும். ஒரு கேள்வி மட்டும். நல்ல கூடம் எது என்று சேரும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு அன்று தெரியவில்லை.

விழுந்தெழுபவள் எழுதியது:

சேராமல் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பார்க்க அனுமதி இல்லை என்றாலே அது ஒரு பதில்.

கோச்சைப் பார்ப்பதைவிட மூத்த மாணவர்களைப் பாருங்கள். புதியவரோடு ஜோடி சேரும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கிறது? அவர்கள் எறியும்போது கையை விடுகிறார்களா, கடைசிவரை பிடித்திருக்கிறார்களா? யாராவது டேப் செய்தால் எவ்வளவு சீக்கிரம் விடுகிறார்கள்? அடிபட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவரிடம் யாராவது போய்ப் பேசுகிறார்களா? பிறகு கோச்சிடம் ஒரே கேள்வி: 'புதியவர் எப்போது ஸ்பாரிங் செய்யலாம்?' 'நீ தயாரா என்று நான் பார்த்த பிறகு' என்கிற மாதிரி பதில் வந்தால் நல்லது. 'இன்றைக்கே' என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சுவரில் தொங்குகிற பதக்கங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மழைக்காகிதம் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. ஜூடோவில் சேர்ந்துவிட்டேன். அக்கா சொன்னபடி முதலில் ஓரமாக உட்கார்ந்து ஒரு வகுப்பு பார்த்தேன்.

தூக்கம் சரியாகி வருகிறது. பயிற்சி நாட்களில் பதினொன்றரைக்கே படுத்துவிடுகிறேன், மற்ற நாட்களில் படுக்க இன்னமும் இரவு ஒரு மணி ஆகிவிடுகிறது. கழுத்துப் பிடிப்பு குறைந்திருக்கிறது. விழுவதற்கு இன்னும் பயம்தான், ஆனால் இடதுபக்கம் விழும்போது கை தானாக அறைகிறது. வலதுபக்கம் இன்னும் வரவில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான்காவது வாரம் முதல்முறையாக என்னை நின்ற நிலையிலிருந்து எறிந்தார்கள். எறிந்தவர் என்னைவிடப் பதினைந்து கிலோவாவது கூட இருப்பார். மேலே போனது தெரிந்தது, கூரை விளக்கு சுற்றியது, பிறகு மேட்டில் கிடந்தேன். வலிக்கவே இல்லை. எழுந்து பார்க்கிறேன், என் வலது சட்டைக்கையை அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் தரையைத் தொடுகிற நேரத்தில் அதை மேலே இழுத்திருக்கிறார், என் தலையும் தோளும் முழு எடையோடு மேட்டில் மோதாமல் இருக்க. 'எறிவதில் பாதி இதுதான்' என்றார். போன வாரம் எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவரை நான் எறிந்தேன். எறி சுமாராகத்தான் வந்தது. சட்டைக்கையை மட்டும் விடவில்லை. அறைக்கு வந்த பிறகும் விரல் மடங்கியே இருந்தது.

வீட்டிலும் சொல்லிவிட்டேன். கானோவின் கதையைச் சொன்னேன். அம்மா, 'அவரும் பட்டம் வாங்கினாரா?' என்று மட்டும் கேட்டார். வாங்கினார் என்றேன்.

இப்போது ஒரு சந்தேகம். அடுத்த மாதம் பருவத் தேர்வு. வாரம் மூன்று வகுப்பும் போகவா, நிறுத்திவிடவா?

விழுந்தெழுபவள் எழுதியது:

நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் திரும்ப வருவது கஷ்டம். இரண்டாகக் குறையுங்கள். கோச்சிடம் தேர்வு என்று சொல்லிவிட்டு ராண்டோரி தவிர்த்து விழுதலும், எறியாமல் எறிக்கு நுழைவதை மட்டும் பழகும் நுழைவுப் பயிற்சியும் மட்டும் செய்யுங்கள். விரலிலோ மணிக்கட்டிலோ சுளுக்கு வந்தால் தேர்வு எழுதுவது யார்? தேர்வுக்கு முந்தைய நாள் பயிற்சி வேண்டாம், தூக்கம் போதும்.

வலதுபக்கம் விழுவதற்கு, குந்திய நிலைக்கே திரும்பிப் போய் ஒவ்வொரு வகுப்பிலும் முப்பது முறை. வந்துவிடும். எனக்கும் ஒரு பக்கம் முந்தியும் ஒரு பக்கம் பிந்தியும்தான் வந்தது.

ஜன்னலோரம் எழுதியது:

நாளை மாலை எங்கள் பல்கலைக்கழக ஜூடோ வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். பார்க்க மட்டும். மூத்தவர்கள் சட்டைக்கையை விடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.